மின்சைக்கிளுக்கு எந்த கனெக்டர், எந்த இடத்தில்?

சாதாரண சைக்கிளில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் மையத்திலேயே இருக்கும் மோட்டார்) கிட் மாட்டியிருக்கிறீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் திக்கித் திக்கி நின்றுபோகிறது. பேட்டரியையும், அதன் கரண்ட்டை மோட்டாருக்கு அளந்து விடும் கன்ட்ரோலரையும் சந்தேகிக்கும் முன், கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது வயரைவிடச் சூடாக இருக்கிறதோ, எதை லேசாக ஆட்டினால் வண்டிக்கு உயிர் வந்துபோகிறதோ, கோளாறு அநேகமாக அங்கேதான். கிட்டோடு வரும் கனெக்டர்கள் ஏதோ ஒரு விலைக்குள் அடங்குவதற்காகப் போடப்பட்டவை. அவற்றை மாற்ற நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு.

கனெக்டர் தேர்வில் ஆம்பியரைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அது முக்கியம்தான். அதைவிட முக்கியமானது, தவறான இரண்டு முனைகள் ஒன்றோடொன்று பொருந்தவே முடியாமல் இருப்பது. இருட்டில், மழையில், அவசரத்தில், வீட்டில் வேறொருவர் கையில் அந்த வண்டி மாட்டினாலும் தப்பாகச் செருக வழி இருக்கக் கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு வடிவம் என்று வைத்துக்கொண்டால், பாதி விபத்துகள் நடக்கவே முடியாது.

எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

கழற்ற வேண்டிய தேவை இல்லாத இடத்தில் கனெக்டரே வேண்டாம். ஈயம் வைத்து இணைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு முடித்துவிடுங்கள். தினமும் மாடிக்குத் தூக்கிப்போய் சார்ஜ் போடும் பேட்டரிக்கு கனெக்டர் வேண்டும். பஞ்சர் ஒட்ட சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும், அதனால் மோட்டார் கேபிளுக்கும் வேண்டும். ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் லீவர், த்ராட்டில் (வேகம் கூட்டும் பிடி), டிஸ்ப்ளே மூன்றும் கீழே விழுந்தால் உடையும் பொருட்கள், அவற்றுக்கும் வேண்டும். பிறகு சார்ஜிங் போர்ட். இந்த நான்கு இடங்கள் போதும்.

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதும், வீட்டு வயரிங்கில் போடும் ஸ்க்ரூ வைத்த கனெக்டர் ஸ்ட்ரிப்பும் இங்கே உதவாது. நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தானே அவிழ்ந்துகொள்ளும். ஸ்ட்ரிப்பின் ஸ்க்ரூ ரோட்டின் அதிர்வில் தளரும்.

தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கனெக்டரில் சூடாக வீணாகும் வாட், கரண்டின் வர்க்கத்தை எதிர்ப்பால் பெருக்கினால் வரும். கன்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுக்கிறது. இறுக்கமான கனெக்டரின் எதிர்ப்பு ஒரு மில்லிஓம் என்றால் கால் வாட்டுக்கும் குறைவு, கையில் தெரியாது. அதே கனெக்டர் தளர்ந்தோ கறுத்தோ 20 மில்லிஓம் ஆகிவிட்டால் 4.5 வாட். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவு சூடு இடைவிடாமல் சேரும்போது பிளாஸ்டிக் இளகுகிறது, உள்ளே உள்ள உலோகப் பின் சாய்கிறது, தொடர்பு இன்னும் மோசமாகிறது. மோசமானதால் இன்னும் சூடு. இப்படித்தான் ஒரு கனெக்டர் ஒரே ஏற்றத்தில் உருகிப்போகிறது.

பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே

36 வோல்ட், 15 ஆம்பியர் கிட்டுக்கு எக்ஸ்டி60 (XT60) என்ற இரண்டு பின் கனெக்டர் போதும். அதன் தொடர் கரண்ட் அளவு 30 ஆம்பியர். பெயரில் உள்ள 60 சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்ச அளவு. பெயரைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. 48 வோல்ட்டில் 25, 30 ஆம்பியர் இழுக்கும் கன்ட்ரோலர் என்றால் எக்ஸ்டி90-க்குப் போய்விடுங்கள். சின்ன கிட்டுக்கும் அதையே போட்டால் என்ன என்று தோன்றும். போடலாம், ஆனால் அது கழற்றுவதற்கு ரொம்பவே இறுக்கம். தினமும் கழற்றுபவர் ஒரு கட்டத்தில் கனெக்டரின் உடலைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பார், ஈயப்பற்று விட்டுப்போகும்.

வயர் கனமும் கூடவே போக வேண்டும். 15 ஆம்பியருக்கு 2.5 சதுர மி.மீ., 25-க்கு 4 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். நுண்ணிய இழைகள் கொண்ட சிலிகான் வயர் கிடைத்தால் அதுவே மேல். வளையும், சூடு தாங்கும், ஈயம் வைக்கும்போது அதன் உறை சுருங்காது. வீட்டு வயரிங் கம்பி விறைப்பானது. வண்டி ஆடும்போதெல்லாம் அந்த விறைப்பு கனெக்டரின் பின்னைப் பக்கவாட்டில் நெம்பிக்கொண்டே இருக்கும்.

வாங்கும்போது உடலில் அச்சாகியிருக்கும் பெயரைப் பாருங்கள். இந்த வகையைத் தயாரிக்கும் ஆமாஸ் நிறுவனத்தின் பெயர் அசலில் பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ, பெயரில்லாத ஜோடியைக் கண்டால் ஒருமுறை செருகிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் வேண்டாம். மட்டமான பிளாஸ்டிக் ஈயம் வைக்கும் சூட்டிலேயே இளகி, பின் கோணலாகிவிடும்.

எந்தப் பாதி எந்தப் பக்கம்? பேட்டரிப் பக்கம் எப்போதும் பெண் முனை. கடையில் ஃபீமேல் என்று கேளுங்கள். அதில் உலோகம் பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கும். பேட்டரி கழற்றிய நிலையிலும் உயிரோடு இருக்கும் பொருள். ஆண் முனையை அதில் வைத்தால், பைக்குள் கிடக்கும் சாவிக்கொத்து இரண்டு பின்னையும் தொட்ட நொடியில் ஷார்ட் ஆகும்.

செருகும்போது வரும் அந்தப் 'பட்' என்ற பொறி பலரையும் பயமுறுத்துகிறது. கன்ட்ரோலருக்குள் உள்ள, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருக்கும். முழு சார்ஜில் 42 வோல்ட் கொடுக்கும் 36 வோல்ட் பேட்டரியை நேராகத் தொட்டதும் அவை ஒரே மூச்சில் நிரம்பப் பார்க்கின்றன. அந்த நொடி கரண்ட்டைத் தடுக்க வயரின் சொற்ப எதிர்ப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பொறி பறந்த இடத்தில் பின்னின் முலாம் போய் ஒரு குழி விழும். தினமும் ஒரு பொறி என்றால் சில மாதங்களில் நுனி கறுத்துவிடும். எக்ஸ்டி90-எஸ் என்ற வகையில் இதற்குத் தீர்வு இருக்கிறது. பெண் முனைக்குள், வாயருகே, 5.6 ஓம் ரெசிஸ்டரோடு இணைந்த ஒரு வளையம் உண்டு. ஆண் பின் முதலில் அந்த வளையத்தைத் தொடும். அப்போது பாயக்கூடிய உச்சம் 42-ஐ 5.6-ஆல் வகுத்த 7.5 ஆம்பியர்தான். கெபாசிட்டர் நிரம்பிய பிறகு பின் உள்ளே போய் முழுத் தொடர்பு பெறுகிறது. எனவே ஒரே தள்ளாகத் தள்ளாமல், பாதி செருகி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு கடைசிவரை அழுத்துங்கள். சாவியை ஆஃப் செய்துவிட்டுத்தான் செருக வேண்டும். பாதியில் நிற்கும்போது மோட்டாரோ லைட்டோ கரண்ட் இழுத்தால், முழுச் சுமையும் அந்தச் சின்ன ரெசிஸ்டர் தலையில் விழுந்து அது எரிந்துபோகும். திரும்பவும் பொறி வர ஆரம்பித்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். பொறிதான் தொல்லை என்றால் 15 ஆம்பியர் கிட்டுக்கும் இதைப் போடுவதில் தவறில்லை, இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்டர்சன் பவர்போல் வகைக்கும் ரசிகர்கள் உண்டு. ஆண், பெண் பேதமில்லை, இரண்டு முனையும் ஒன்றுபோல. கிரிம்ப் செய்வதால், அதாவது உலோகத் தகட்டை வயர் மேல் அழுத்தி நெரிப்பதால், ஈயம் தேவையில்லை. 15, 30, 45 ஆம்பியர் தகடுகள் மூன்றும் ஒரே உறைக்குள் போகும். ஆனால் அந்த ஒன்றுபோல இருப்பதே இங்கே ஆபத்து. இரண்டு பேட்டரிகளையும் ஒன்றோடொன்று செருகலாம், சார்ஜரைக் கன்ட்ரோலரிலும் செருகலாம், எதுவும் தடுக்காது. சிவப்பு, கறுப்பு என்பது நிறம் மட்டுமே. சிவப்பு உறை கறுப்பு உறைக்குள்ளும் போகும். இரண்டு உறைகளையும் சேர்த்துக் கோக்கும் வரிசை எல்லா முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றில் மாறினால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறும். தகட்டை உறைக்குள் தள்ளும்போது உள்ளே உள்ள எஃகு வில்லின் மேல் ஏறி 'டிக்' என்று உட்கார வேண்டும். சத்தம் கேட்கவில்லை என்றால் செருகும்போது தகடு பின்னால் நழுவிவிடும். உட்கார்ந்ததா என்று வயரை இழுத்துப் பாருங்கள். கிரிம்ப் டூல் இல்லாமல் ஈயம் ஊற்றினால், ஈயம் தகட்டின் வெளியே வழிந்து உறைக்குள் போகாது. இந்த வகைக்கு பூட்டு இல்லை, ஆகவே மாட்டிய பிறகு ஒரு கேபிள் டை போடுவது நல்லது.

36, 48 வோல்ட் என்று இரண்டு பேட்டரி வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே கனெக்டர் போடவே கூடாது. 36 வோல்ட் கன்ட்ரோலர்கள் பலவற்றில் கெபாசிட்டர் 50 வோல்ட் வரைதான் தாங்கும். முழு சார்ஜில் உள்ள 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட் கொடுக்கும். ஒன்றுக்கு எக்ஸ்டி60, மற்றதற்கு எக்ஸ்டி90 என்று பிரித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஆண்டர்சனின் எஸ்பி50 வகையில் இதை வடிவத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். 36 வோல்ட்டுக்குச் சாம்பல் நிறம், 48-க்கு நீலம். நிறம் மாறினால் ஒன்றுக்குள் ஒன்று போகாது.

எக்ஸ்டி60-க்கு ஈயம் வைக்கும் முறை

60 வாட் சால்டரிங் அயர்ன், தட்டையான நுனி. 25 வாட் அயர்ன் ஆகாது. மெல்லச் சூடேற்றுவதால் ஈயம் உருகும் முன்பே சூடு பின் வழியாக இறங்கி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பெரிய அயர்னால் சில நொடிகளில் முடிப்பதே பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பு.

முதல் வேலை, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவையும் கனெக்டரின் மூடியையும் வயரில் கோத்து, தள்ளி வைப்பது. மறந்துவிட்டால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். வயர் நுனியில், வயர் இறங்கும் கனெக்டர் கிண்ணத்தின் ஆழத்துக்குச் சமமாக மட்டும் உறையை உரித்து, இழைகளை முறுக்கி ஈயம் ஊட்டுங்கள். கனெக்டருக்குள் அதன் ஜோடிப் பாதியை, எதிலும் இணைக்காத ஒரு பாதியை, செருகி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கொஞ்சம் இளகினாலும் பின்கள் நேராக நிற்கும், சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளவும் செய்யும். கிண்ணத்தில் பாதிக்கு ஈயம் உருக்கி, அது திரவமாக இருக்கும்போதே வயரை இறக்கி, அயர்னை எடுத்துவிட்டு, கை அசையாமல் ஐந்து நொடி பிடியுங்கள். ஈயம் பளபளப்பாக வயரோடு ஒட்டி ஏறியிருக்க வேண்டும். உருண்டையாக, மங்கலாக உட்கார்ந்திருந்தால் அது கோல்டு சால்டர், அதாவது சரியாக ஒட்டாத ஈயப்பற்று, திரும்பச் சூடேற்றுங்கள். ஆறியதும் பலமாக இழுத்துப் பார்த்து, பிறகு ஸ்லீவ்.

பேட்டரி வயரில் இந்த வேலை செய்யும்போது ஒரே விதி: ஒரு சமயத்தில் ஒரு வயர். பழைய கனெக்டரை வெட்டும்போது இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டிங் பிளேயரில் வைத்தால், பிளேயரின் வாயே ஷார்ட். மைனஸை வெட்டி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடிய பிறகே பிளஸ்ஸை வெட்டுங்கள். மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

இதே கையோடு பேட்டரிக்குப் பக்கத்தில், 15 செ.மீ.க்குள், 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று பிளஸ் வயரில் இருக்கட்டும். சாதாரண கார் பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. 42 வோல்ட்டில் உருகினாலும் பொறி அணையாமல் நீடிக்கலாம். 58 வோல்ட் என்று குறிப்பிட்ட பிளேடு ஃபியூஸ் கேட்டு வாங்குங்கள்.

மோட்டார் பக்கம்

பேட்டரியில் 15 ஆம்பியர் என்பதால் மோட்டார் வயரிலும் அவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். கிளம்பும்போதும் ஏற்றத்திலும், கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகும் மூன்று ஃபேஸ் வயர்களில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் ஓடலாம். அதனால் கிட்டுகளில் முதலில் கறுப்பது பேட்டரி கனெக்டரைவிட ஃபேஸ் கனெக்டராக இருப்பதில் ஆச்சரியமில்லை. தனித்தனி 4 மி.மீ. புல்லட் (குண்டு வடிவ ஒற்றைப் பின்) கனெக்டர் மூன்று போடலாம். ஆனால் அவை மூன்றும் ஒன்றுபோல இருப்பதால் பஞ்சர் கடையில் மாறிச் செருகிவிடுவார்கள். வரிசை மாறினால் மோட்டார் கரகரவென்று அதிரும், சரியாகச் சுற்றாது, கரண்ட் மட்டும் எகிறும். எம்டி60 என்ற மூன்று பின் கனெக்டர் போட்டால் ஒரே விதமாகத்தான் மாட்ட முடியும். எங்கள் தேர்வு அதுதான்.

மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சருக்கு மெல்லிய வயர் ஐந்து: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள், பச்சை, நீலம் சிக்னல். இதற்கு ஜேஎஸ்டி-எஸ்எம் வகை, கொக்கி விழும் கனெக்டர் போதும், கரண்ட் மிகச் சொற்பம். இங்கே எதிரி தண்ணீர். ஈரம் இறங்கினால் சிக்னல் கலைந்து மோட்டார் உதறும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். மின்சாரம் கடத்தாத சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸை உள்ளே மெல்லப் பூசிச் செருகுங்கள். கேபிள் மேலிருந்து வந்து கனெக்டரில் நேராக நுழையாமல், சற்றுக் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலேறி நுழையட்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

சில மோட்டார்களில் ஃபேஸ், ஹால் எல்லாம் ஒரே தடித்த கேபிளில் ஒன்பது பின் வாட்டர்ப்ரூஃப் கனெக்டராக வரும். மிக வசதி. இரண்டு பாதியிலும் உள்ள அம்புக்குறிகளை நேருக்கு நேர் வைத்து, திருகாமல், நேராக, கேபிளில் குறித்துள்ள கோடு மறையும்வரை தள்ள வேண்டும். திருகினால் உள்ளே பின் மடங்கும். மடங்கிய பின் பக்கத்துப் பின்னைத் தொட்டு, ஃபேஸ் வோல்ட்டேஜ் ஹால் வயரில் ஏறினால் கன்ட்ரோலர் போய்விடும்.

த்ராட்டிலும் பிரேக்கும்

சின்ன வயர்தானே என்று விட்டுவிடும் இடம் இது, உயிருக்கு ஆபத்தான இடமும் இதுதான். த்ராட்டிலில் மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். கனெக்டரில் கிரவுண்ட் மட்டும் விட்டுப்போனால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறும். பாதுகாப்பு இல்லாத கன்ட்ரோலர் அதை முழு த்ராட்டில் என்றே எடுத்துக்கொள்ளும், கையை எடுத்தாலும் வண்டி நிற்காது. எனவே த்ராட்டிலுக்குக் கொக்கியோ இறுக்கமான ரப்பர் உறையோ உள்ள கனெக்டர்தான் வேண்டும். பிரேக் லீவர் கட்-ஆஃப் சுவிட்ச் இதற்கு எதிரான காவல். பெரும்பாலான லீவர்களில் பிரேக் பிடித்தால்தான் சுவிட்ச் இணையும், ஆக அதன் கனெக்டர் கழன்றாலும் வண்டி வழக்கம்போல் ஓடும், கட்-ஆஃப் செத்துப்போனது தெரியாது. சக்கரத்தைத் தூக்கிவைத்து, மெதுவாக த்ராட்டில் கொடுத்தபடி பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை போதும்.

பிரேக்குக்கு இரண்டு பின், த்ராட்டிலுக்கு மூன்று, டிஸ்ப்ளேக்கு ஐந்து என்று பின் எண்ணிக்கை வேறுபட்டால் குழப்பமே வராது. நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சார்ஜிங் போர்ட்

இதில் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டு 230 வோல்ட் வயரில் இருக்கும் எந்த வடிவமும் பேட்டரியில் இருக்கக் கூடாது. வீட்டு இரண்டு பின் பிளக், கம்ப்யூட்டர் பவர் கார்டு நுழையும் மூன்று பின் சாக்கெட், இரண்டும் எளிதாகக் கிடைப்பதால் பேட்டரியில் மாட்டிவிடுகிறார்கள். சில மலிவு வண்டிகளில் அந்த மூன்று பின் சாக்கெட் கம்பெனியிலிருந்தே வருகிறது. வீட்டில் யாராவது கம்ப்யூட்டர் கார்டை எடுத்துச் சுவரிலிருந்து நேராக அதில் செருகினால் லித்தியம் பேட்டரியில் 230 வோல்ட் ஏசி பாயும். அப்படி ஒன்று உங்கள் வண்டியில் இருந்தால் மற்ற எதற்கும் முன்பாக அதை மாற்றுங்கள்.

2 ஆம்பியர் சார்ஜருக்கு 5.5 × 2.1 மி.மீ. டிசி ஜாக் தாங்கும், 3-க்கு மேல் வேண்டாம். டிவி, ஆடியோ வயர்களில் வரும் ஆர்சிஏ வகையில் பிளக்கின் நடு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், சார்ஜர் ஓடும்போது அது உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகலாம். ஏவியேஷன் கனெக்டர் என்று விற்கும் ஜிஎக்ஸ்16 நல்லது. 16 மி.மீ. துளையில் உட்காரும், ஒரே திசையில் நுழையும், வளையத்தைத் திருகிப் பூட்டலாம். பேட்டரியில் மாட்டும் பாதியில் பின்கள் இல்லாமல் துளைகள் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், ரப்பர் மூடியோடு.

மாட்டிய பிறகு

ஓட்டும் முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு கனெக்டரின் பிளஸ், மைனஸ் சரிதானா என்று பாருங்கள். வயர் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிறகு பெடல் போடாமல் ஒரு மேம்பாலம் ஏறி இறங்கி, உடனே நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து, பேட்டரி கனெக்டரையும் ஃபேஸ் கனெக்டரையும் தொடுங்கள். வயரும் கனெக்டரும் ஒரே வெதுவெதுப்பில் இருந்தால் சரி. கனெக்டர் மட்டும் சூடு, அதிலும் ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால் அந்தப் பக்கத்து ஈயப்பற்றையோ கிரிம்பையோ திரும்பச் செய்யுங்கள். ஓடும்போதோ த்ராட்டில் பிடித்திருக்கும்போதோ பேட்டரியைப் பிடுங்காதீர்கள். டிசி கரண்ட்டின் பொறி இழுக்க இழுக்க நீளும், ஒரே தடவையில் பின்னைத் தின்றுவிடும்.

பின் கறுத்தோ குழி விழுந்தோ போன கனெக்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்து பயனில்லை, முலாம் போனது போனதுதான். மாற்றும்போது கறுத்த பாதியை மட்டும் மாற்றாமல் இரண்டு பாதியையும் மாற்றுங்கள். பழைய பாதியின் சொரசொரப்பான பின், புதியதை ஒரே வாரத்தில் தன்னைப்போல் ஆக்கிவிடும்.